நாலு அங்குல விதி: அமெரிக்காவில் ஆமைக்குஞ்சு விற்கத் தடை ஏன்?

அமெரிக்காவில் ஓட்டின் நீளம் 4 அங்குலம் எட்டாத ஆமையைச் செல்லப்பிராணியாக விற்கக் கூடாது. 1975-ல் வந்த விதி, இன்றும் அப்படியே நிற்கிறது. ஆமை வளர்ப்பவர்கள் சுருக்கமாக 'நாலு அங்குல விதி' என்பார்கள். இதை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். உண்மையில் இதைக் கொண்டுவந்தது அந்நாட்டின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம், அதாவது எஃப்.டி.ஏ. அவர்கள் காக்க நினைத்தது சிறு குழந்தைகளை. தடுக்க நினைத்தது ஆமையின் குடலில் சத்தமில்லாமல் வாழும் சால்மோனெல்லா என்ற பாக்டீரியாவை.

விதியின் வாசகத்தை ஒருமுறை கவனமாகப் படித்துவிடுவது நல்லது. இணையத்தில் உலவும் பாதிக் குழப்பம் அதைப் படிக்காததால் வருவது. கூட்டாட்சி விதித்தொகுப்பின் 21-ஆம் தலைப்பில் 1240.62 என்ற எண்ணில் அது இருக்கிறது. ஓட்டின் நீளம் 4 அங்குலத்துக்குக் குறைந்த உயிருள்ள ஆமையையும், குஞ்சு பொரிக்கும் நிலையிலுள்ள ஆமை முட்டையையும் விற்கவோ, விற்பதற்காக வைத்திருக்கவோ, வேறு எந்த வகையில் வணிகமாகவோ பொதுவாகவோ விநியோகிக்கவோ கூடாது. நன்னீர் ஆமை, நில ஆமை எல்லாம் இதில் அடக்கம். கடலாமைகளுக்கு மட்டும் இது பொருந்தாது. மீறினால் ஒவ்வொரு மீறலுக்கும் 1,000 டாலர் வரை அபராதம் அல்லது ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். பிடிபட்ட ஆமைகளை வலியில்லாமல் அழிக்கும்படி உத்தரவிடவும் எஃப்.டி.ஏ.வுக்கு அதிகாரம் உண்டு. விற்றவர் தப்பித்தாலும் குஞ்சு தப்பிக்காமல் போகலாம் என்பதை வாங்குபவர்கள் யோசிப்பதே இல்லை.

விலக்குகள் மூன்று. உண்மையான அறிவியல், கல்வி, காட்சிப்படுத்தல் தேவைக்காக விற்கலாம், ஆனால் செல்லப்பிராணியாக அல்ல. வணிகத் தொடர்பில்லாத கைமாற்றம் தடைக்குள் வராது. பெட்டியின் மேல் 'ஏற்றுமதிக்கு மட்டும்' என்று பளிச்சென்று எழுதியிருந்தால் வெளிநாட்டுக்கு அனுப்பலாம். இந்த மூன்றாவது விலக்கு உலகத்தின் குளங்களையே மாற்றிய கதை பின்னால் வருகிறது. இன்னொன்றும் முக்கியம்: விதி விற்பவரைத்தான் பிடிக்கிறது. சிறிய ஆமையை வீட்டில் வைத்திருப்பது கூட்டாட்சி விதிப்படி குற்றமல்ல. மாநிலச் சட்டங்கள் தனி. ஃபுளோரிடா 2007 முதல் செங்காது ஆமையின் (கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டை உள்ள நன்னீர் ஆமை) வியாபாரத்துக்கும் வளர்ப்புக்கும் அளவு எதுவானாலும் கட்டுப்பாடு வைத்திருக்கிறது, அதற்குக் காரணம் நோயல்ல, சூழல்.

அளப்பதில்தான் முதல் தில்லுமுல்லு. ஆமை ஓட்டின் நீளம் என்றால் கழுத்துக்கு மேலே உள்ள முன் விளிம்பிலிருந்து வாலுக்கு மேலே உள்ள பின் விளிம்பு வரை நேர்கோட்டுத் தூரம். தையல்காரர் நாடாவை ஓட்டின் வளைவின் மேல் படிய வைத்து அளந்தால் குவிந்த ஓடுள்ள ஆமைக்குக் கணிசமாகக் கூடுதலாக வரும். நீட்டிய தலையையும் வாலையும் சேர்த்து '4 அங்குலம்' என்று விளம்பரப்படுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். காலிப்பர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால், மேசையில் ஒரு ஸ்கேலை வைத்து, ஆமையை அதன் மேல் நிறுத்தி, முன்னும் பின்னும் ஒவ்வொரு மரக்கட்டையை ஓட்டின் விளிம்பைத் தொடும்படி நெட்டுக்குத்தாக வைத்துவிட்டு ஆமையை எடுத்துவிட வேண்டும். இரண்டு கட்டைக்கும் நடுவிலுள்ள இடைவெளிதான் அளவு. 4 அங்குலம் என்பது 10.16 சென்டிமீட்டர். சரியாக 10 சென்டிமீட்டர் காட்டும் ஆமை இன்னும் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் வளர வேண்டும்.

இனி, இந்த விதி பிறந்த காரணம்.

1950-களிலும் 60-களிலும் அமெரிக்காவின் மலிவு விலைக் கடைகளில் ஆமைக்குஞ்சு ஒரு பொம்மைபோல விற்றது. அடி தட்டையான பிளாஸ்டிக் கிண்ணம், நடுவில் ஒரு மேடு, அதில் ஒரு பிளாஸ்டிக் தென்னை, கூடவே மூன்று சென்டிமீட்டர் நீளக் குஞ்சு. சிலவற்றின் ஓட்டில் பூவும் பெயரும் வண்ணத்தில் தீட்டியிருக்கும். வளரும் ஓட்டின் மேல் பெயின்ட் பூசினால் ஓடு கோணலாகும் என்பது அன்றைய வாங்குபவருக்குத் தெரியாது. பெரும்பாலானவை செங்காது ஆமைகள். பெரும்பாலும் லூசியானா மாநிலப் பண்ணைகளிலிருந்து வந்தன. 1970-களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கோடி விற்றன.

பண்ணைக் குளத்தில் தாய் ஆமைகளுக்குப் போட்ட தீனி பல இடங்களில் இறைச்சிக் கழிவு. அதோடு வந்த சால்மோனெல்லா குளத்தில் நிலைத்தது. தாயின் கழிவுத் துளையும் முட்டை வெளிவரும் வழியும் ஒன்றே. முட்டை ஓட்டில் ஒட்டிய கிருமி நுண்துளைகள் வழியாக உள்ளே போகும். முட்டையிட்ட ஈர மண்ணிலிருந்தும் போகும். குஞ்சு பொரித்து வரும்போதே கிருமியைச் சுமந்து வரும். அதற்கு வயிற்றுப்போக்கோ சோர்வோ இருக்காது, பார்க்கக் கொழுகொழுவென்று இருக்கும். பிறகு அந்தக் கிண்ணத்தில் கொஞ்சம் தண்ணீர், அறையின் வெதுவெதுப்பு, மிச்சத் தீனி, கழிவு. கிருமி பெருக இதைவிட நல்ல இடம் வேண்டியதில்லை.

அந்நாட்டில் ஆண்டுதோறும் 2,80,000 பேருக்கு ஆமை வழியாகச் சால்மோனெல்லா தொற்று வந்தது என்பது அந்தக் காலத்தின் மதிப்பீடு. மொத்தத் தொற்றில் இது சுமார் 14 சதவீதம். கோழி, முட்டை, பால், இறைச்சி என்று அத்தனை உணவுகளும் போட்டியில் இருக்க, ஒரு செல்லப்பிராணி மட்டும் இவ்வளவு பங்கு வகித்தது. நோய்வாய்ப்பட்டவர்களில் பெரும்பங்கு குழந்தைகள்.

எஃப்.டி.ஏ. எடுத்த எடுப்பிலேயே தடைக்குப் போகவில்லை. 1972-ல் முதலில் சான்றிதழ் முறையை முயன்றது: மாநில எல்லை தாண்டும் ஆமைச் சரக்கு சால்மோனெல்லா இல்லாதது என்று சோதனை செய்து சான்று பெற வேண்டும். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் சான்று பெற்று வந்த சரக்கிலும் கடைகளில் கிருமி இருந்தது. ஏன் என்பதுதான் இந்த விஷயத்தின் மையம், கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

முதல் காரணம், ஆமை கிருமியை எப்போதும் வெளியேற்றுவதில்லை. வாரக்கணக்கில் எதுவும் வராது. பெட்டியில் அடைத்து, தண்ணீரில்லாமல், குளிரிலோ வெயிலிலோ பயணம் செய்த அலைச்சலில் திடீரென்று ஏராளமாக வரும். பண்ணையில் எடுத்த மாதிரி சுத்தம், கடைக்கு வந்த ஆமை அசுத்தம். இரண்டு முடிவும் உண்மைதான். இரண்டாவது காரணம் கணக்கு. பல்லாயிரம் குஞ்சுகளில் அறுபதை எடுத்துச் சோதித்தால், சரக்கில் 5 சதவீதம் குஞ்சுகளுக்குக் கிருமி இருக்கும்பட்சத்தில் நூற்றுக்கு 95 தடவை அதைப் பிடித்துவிடலாம். ஆனால் நூற்றில் ஒரு குஞ்சுக்கு மட்டும் இருந்தால், அதே அறுபது மாதிரி பாதிக்கு மேல் தடவைகளில் கோட்டைவிடும். நூற்றில் ஒன்று என்றால் பத்தாயிரம் குஞ்சுகளில் நூறு. நூறு வீடு. மூன்றாவது காரணம், ஒரே தொட்டியில் போட்ட நூறு குஞ்சுகளில் ஒன்று வெளியேற்றினாலும் மற்ற தொண்ணூற்றொன்பதும் அதே தண்ணீரைத்தான் குடிக்கின்றன.

ஆகவே 1975-ல் எஃப்.டி.ஏ. சோதனையைக் கைவிட்டு அளவுகோலை எடுத்தது. சிறு குழந்தை வாயில் போட முடிகிற அளவு எது, முத்தமிடத் தூண்டுகிற அளவு எது என்று யோசித்து வைத்த கோடு 4 அங்குலம். உள்ளங்கையை நிறைக்கும் ஆமையை இரண்டு வயதுக் குழந்தை மிட்டாய்போல வாய்க்குக் கொண்டுபோகாது. அதற்காகப் பெரிய ஆமைக்குக் கிருமி இல்லை என்று பொருளல்ல. இருக்கிறது. விதி அதைப்பற்றிப் பேசவேயில்லை. 'இது 4 அங்குலத்துக்கு மேல், சால்மோனெல்லா இருக்காது' என்று ஒரு கடைக்காரர் சொன்னால் அவர் சொல்வது தவறு.

என் பார்வையில் இந்தக் கோட்டின் உண்மையான பலம் வேறு இடத்தில் இருக்கிறது. பொரித்து வரும் செங்காதுக் குஞ்சு 3 சென்டிமீட்டர்போல இருக்கும். அதை 10 சென்டிமீட்டருக்கு வளர்க்க, தீனியும் சூடும் குறைவில்லாமல் கொடுத்தாலும், ஓரிரண்டு ஆண்டாவது ஆகும். அதுவரை இடம், தண்ணீர், மின்சாரம், தீனி எல்லாம் விற்பவர் செலவு. சில்லறைக் காசுக்குத் தள்ளிவிட்ட குஞ்சு வியாபாரம் இந்தக் கணக்கில் படுத்துவிட்டது. விலை ஏறியதும், சந்தைக்குப் போன இடத்தில் பிள்ளை அழுதான் என்று வாங்கிக் கொடுப்பது குறைந்தது. கடைக்கு வரும் சுகாதார ஆய்வாளருக்கும் ஆய்வகம் தேவையில்லை, சட்டைப்பையில் ஸ்கேல் இருந்தால் போதும். இவ்வளவு எளிதாக அமல்படுத்த முடிகிற பொதுச் சுகாதார விதிகள் குறைவு.

பண்ணைக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. லூசியானா மாநிலமே நீதிமன்றம் போனது. மாநிலத்துக்குள் நடக்கும் விற்பனையில் கூட்டாட்சி அமைப்பு தலையிடலாமா என்பது கேள்வி. 1977-ல் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் விதியை ஏற்றது. ஒரு மாநிலத்துக்குள் தாராளமாக விற்க விட்டால் எல்லை தாண்டும் தொற்றைத் தடுக்க முடியாது என்பது அதன் நியாயம். தடையின் பலனை அளந்த ஆய்வு 1980-ல் வெளிவந்தது: ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் குழந்தைகளுக்கு வந்திருக்க வேண்டிய தொற்று வராமல் போனது என்பது அதன் மதிப்பீடு.

விதிமீது ஒரு நியாயமான குறை உண்டு, அதை மறைக்கக் கூடாது. சில இனங்கள் முழு வளர்ச்சியிலும் 4 அங்குலத்தைத் தொடுவதில்லை. அமெரிக்காவின் கஸ்தூரி ஆமையில் பல ஆண்கள் அதற்குள்ளேயே நின்றுவிடும். எகிப்திய நில ஆமையின் ஆணும் அப்படித்தான். பத்து வயது ஆமையாக இருந்தாலும் கடையில் செல்லப்பிராணியாக விற்க வழியில்லை. சின்னத் தொட்டியில் வாழ்நாள் முழுவதும் வைத்திருக்கக்கூடிய இனம் தடைக்குள்ளும், சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளர்ந்து வீட்டையே அடைக்கும் செங்காது ஆமை தடைக்கு வெளியிலும் நிற்பது வளர்ப்பவர்களுக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனாலும் இனத்துக்கு இனம் விலக்கு எழுதினால், ஒவ்வொரு குஞ்சும் எந்த இனம் என்று ஆய்வாளர் சந்தைக் கடையில் நின்று வாதாட வேண்டிவரும். நான் கோட்டின் பக்கம்தான்.

சான்றிதழ் வழி முழுக்கச் செத்துவிடவில்லை. லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிரியலாளர் ரொனால்டு சீப்லிங் முட்டையிலேயே கிருமியைக் கொல்லும் முறையை உருவாக்கினார். முட்டைகளைச் சேகரித்து, குளோரின் கரைசலில் கழுவி, ஜென்டமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் கரைசலில் மூழ்கவைத்து, மேலுள்ள காற்றை உறிஞ்சி வெற்றழுத்தம் உண்டாக்குவார்கள். முட்டை ஓட்டின் துளைகளிலிருந்து காற்று வெளியேறும். அழுத்தத்தைத் திரும்ப விடும்போது அந்த இடத்தில் மருந்து உள்ளே ஏறும். பிறகு மண்ணில்லாத சுத்தமான தட்டுகளில் குஞ்சு பொரிக்க வைப்பார்கள். அருமையான யோசனை, கிருமி வெகுவாகக் குறைந்தது உண்மை. மாநிலமும் பண்ணைகளுக்கு இதைச் சட்டமாக்கியது.

ஆண்டுகள் போக, ஜென்டமைசினுக்கு மடங்காத சால்மோனெல்லா பண்ணை ஆமைகளிலேயே தென்படத் தொடங்கியது. இது எதிர்பார்த்திருக்க வேண்டியது. ஒரே மருந்தை லட்சக்கணக்கான முட்டைகளில் வருடாவருடம் ஏற்றினால், தப்பிப் பிழைத்தது பெருகத்தான் செய்யும். அப்படிப்பட்ட கிருமி ஒரு குழந்தையின் இரத்தத்துக்குள் போனால் மருத்துவர் கையிலுள்ள மருந்துகளில் ஒன்று குறைகிறது. அதன்பின் ஆன்டிபயாட்டிக் அல்லாத கிருமிநாசினிகளையும் ஆய்வாளர்கள் சோதித்தார்கள். ஆனால் முட்டையை என்னதான் சுத்தம் செய்தாலும் பொரித்த குஞ்சு மறுபடி தொற்றுக்கு ஆளாகும். குடலில் நல்ல பாக்டீரியாக்கூட இல்லாத குஞ்சுக்கு முதலில் வந்து ஒட்டுவது எதுவோ அதுவே குடியேறும். பண்ணையில் சுத்தமான குஞ்சு என்பது வீட்டில் சுத்தமான ஆமை ஆகாது. பண்ணைகள் வைத்த தளர்வுக் கோரிக்கைகளை எஃப்.டி.ஏ. ஏற்காததற்கு இது போதுமான காரணம் என்றே நினைக்கிறேன்.

விதியை மீறுகிறவர்கள் எப்படி மீறுகிறார்கள் என்பது வாங்குபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதிகம் காண்பது 'ஆமை இலவசம்': கடற்கரை நினைவுப்பொருள் கடையிலும் வாரச் சந்தையிலும் பிளாஸ்டிக் தொட்டியை இருபது முப்பது டாலருக்கு விற்று, குஞ்சைச் சும்மா கொடுப்பதாகச் சொல்வார்கள். விதியில் 'வேறு எந்த வகை வணிக, பொது விநியோகமும்' என்று இருப்பதால் கடைக்காரர் தரும் இலவசமும் விற்பனைக்குச் சமம். அடுத்தது 'கல்வித் தேவைக்கு வாங்குகிறேன்' என்று ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்குவது. ஆறு வயதுப் பிள்ளையின் படுக்கையறைக்குப் போகும் ஆமைக்கு அந்தக் கையெழுத்து எந்தப் பாதுகாப்பும் தராது. இணையக் கடைகளில் 'தத்தெடுப்புக் கட்டணம்' என்று பெயர் மாற்றுவார்கள், 'வீட்டுப் பண்ணைதான், வணிகமில்லை' என்பார்கள். விலைப்பட்டியலும் தபால் கட்டணமும் போட்டு வாரந்தோறும் அனுப்புகிறவர் வணிகமில்லை என்று சொல்ல முடியாது. 'இந்தக் குஞ்சு இதற்குமேல் வளராது' என்பதும் அடிக்கடி கேட்கிற பொய். பெண் செங்காது ஆமை 10 முதல் 12 அங்குலம் வரை வளரும், 30 ஆண்டு வாழும்.

மீறல் காகிதத்தில் மட்டும் நடப்பதில்லை. 2007-ல் ஃபுளோரிடாவில் பிறந்து ஒரு மாதம்கூட நிறையாத பெண் குழந்தை சால்மோனெல்லா பொமோனா என்ற வகைக் கிருமியின் தொற்றில் இறந்தது. சந்தையில் வாங்கிய ஒன்றேகால் அங்குல ஆமையைக் குடும்ப நண்பர் ஒருவர் அந்த வீட்டுக்குப் பரிசாகக் கொடுத்திருந்தார். குழந்தையிடம் கண்ட கிருமியின் மரபணுத் தடமும் ஆமையிடம் கண்டதும் ஒன்று. அந்த வயதுக் குழந்தை ஆமையைக் கையில் எடுக்காது. வளர்ந்தவர்களின் கை, தொட்டி கழுவிய சிங்க், துடைத்த துணி என்று ஏதோ ஒரு வழியில்தான் போயிருக்க முடியும். ஆமையைக் குழந்தைக்கு எட்டாமல் உயரத்தில் வைத்தால் போதும் என்று நினைப்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

2011 முதல் 2013 வரை சிறு ஆமைகளோடு தொடர்புடைய எட்டுத் தொற்றலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. 41 மாநிலங்களிலும் தலைநகரிலும் போர்ட்டோ ரிக்கோவிலும் சேர்த்து 473 பேர் நோயுற்றார்கள். அவர்களில் பாதிப்பேர் நாலு வயதோ அதற்குக் கீழோ. நால்வரில் ஒருவருக்கு மேல் மருத்துவமனையில் சேர வேண்டியிருந்தது. ஆமையோடு தொடர்பு இருந்ததாகச் சொன்னவர்களில் பத்துக்கு ஒன்பது பேர்போலச் சொன்னது சிறிய ஆமையை. விதி இருந்தும் இந்த நிலை. இது ஆய்வகத்தில் உறுதியான எண்ணிக்கை மட்டும். மருத்துவரிடம் போகாதவர்கள், மலச்சோதனை செய்யாதவர்கள் எண்ணிக்கையில் வருவதில்லை. அதன் பிறகும் 2015, 2017, 2020, 2023, 2024 என்று தொற்றலைகள் தொடர்கின்றன.

இப்போது அந்த 'ஏற்றுமதிக்கு மட்டும்' விலக்கு. உள்ளூர்ச் சந்தை மூடியதும் பண்ணைகள் மூடவில்லை, கப்பலையும் விமானத்தையும் பார்த்தன. 1989 முதல் 1997 வரை மட்டும் 5 கோடியே 20 லட்சத்துக்கு மேற்பட்ட செங்காது ஆமைகள் அமெரிக்காவிலிருந்து வெளிநாடுகளுக்குப் போயின. தன் குழந்தைகளுக்கு ஆகாது என்று ஒதுக்கிய குஞ்சை ஒரு நாடு மற்ற நாட்டுக் குழந்தைகளுக்கு அனுப்பலாம் என்பது இந்த விதியின் ஆகப்பெரிய ஓட்டை, இதற்கு நியாயம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. போன இடங்களில் வளர்ந்து பெரிதானதும் மக்கள் குளத்திலும் ஆற்றிலும் விட்டார்கள். உள்ளூர் ஆமைகளின் வெயில் காயும் இடத்தையும் தீனியையும் அவை பிடித்துக்கொண்டன. உலகின் மோசமான நூறு ஊடுருவல் இனங்களின் பட்டியலில் இந்த ஆமை இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 1997-ல் இறக்குமதியை நிறுத்தியது, 2016-ல் ஊடுருவல் இனமாக அறிவித்தது. ஜப்பான் 2023 ஜூன் முதல் விற்பனையையும் வெளியில் விடுவதையும் தடை செய்து, ஏற்கெனவே வீட்டில் உள்ளவற்றை வைத்துக்கொள்ள மட்டும் அனுமதித்தது. அவ்வளவு வீடுகளில் இருந்தபோது முழுத்தடை போட்டிருந்தால் மறுநாளே எல்லாம் குளத்தில் விழுந்திருக்கும். நல்ல முடிவு.

இந்த வியாபாரத்தின் ஒரு முனை நம்மூர் வரை வருகிறது. பாங்காக்கிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் வரும் பயணிகளின் பெட்டிகளில் செங்காதுக் குஞ்சுகள் ஆயிரக்கணக்கில் அடைபட்டு வந்து, சென்னை, திருச்சி விமான நிலையங்களில் சுங்கத்துறையிடம் சிக்கும் செய்தி திரும்பத் திரும்ப வருகிறது. பிடிபட்டவற்றை வந்த நாட்டுக்கே திருப்பி அனுப்புகிறார்கள். இந்தியாவில் ஓட்டின் நீளத்தை வைத்து விதி கிடையாது. நட்சத்திர ஆமை போன்ற நம் நாட்டு ஆமைகளை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வைத்திருப்பதே குற்றம். மீன் கடைத் தொட்டியில் காணும் செங்காதுக் குஞ்சுக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை, வாங்குபவருக்குச் சால்மோனெல்லா பற்றி ஒரு வரி எச்சரிக்கையும் இல்லை. பெட்டிக்குள் நாள்முழுக்க நசுங்கி வந்த குஞ்சு, மேலே சொன்ன கணக்குப்படி, அதிகமாகக் கிருமி வெளியேற்றும் நிலையில் இருக்கிறது என்பதையாவது தெரிந்துகொண்டு வாங்கலாமா என்று முடிவு செய்யட்டும்.

ஏற்கெனவே வீட்டில் ஆமை இருக்கிறவர்களுக்கு. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை, 65-ஐத் தாண்டிய முதியவர், புற்றுநோய் சிகிச்சையிலோ உறுப்பு மாற்று மருந்திலோ இருப்பவர் வீட்டில் இருந்தால் ஆமையை வேறு நல்ல வீட்டுக்கு மாற்றுவதுதான் சரி. அப்படி யாரும் இல்லையென்றால் பழக்கங்களைத் திருத்தினால் போதும். ஆமையையோ தண்ணீரையோ தொட்டபின் சோப்புப் போட்டு இருபது நொடி கை கழுவ வேண்டும். தொட்டி கழுவ ஒரு வாளி, ஒரு பிரஷ், ஒரு ஜோடி கையுறை தனியாக வைத்துக்கொண்டு, வெளியில் கழுவுங்கள். அழுக்குத் தண்ணீர் கழிப்பறைக்குப் போகட்டும், சமையலறை சிங்க்குக்கு ஒருபோதும் வேண்டாம். தண்ணீர் மாற்ற ரப்பர் குழாயின் நுனியை வாயில் வைத்து உறிஞ்சித் தொடங்குகிற பழக்கம் பலருக்கு உண்டு. தொற்று வாங்க இதைவிட நேர்வழி இல்லை. குழாயை முழுக்கத் தண்ணீரில் மூழ்கடித்து நிரப்பி, ஒரு நுனியை விரலால் அடைத்துக் கீழே இறக்கினால் தானாக ஓடும், அல்லது கைப்பம்பு வாங்கலாம்.

பிளீச் போட்டும் பயனில்லை என்பவர்கள் பெரும்பாலும் அழுக்கின் மேலேயே ஊற்றியவர்கள். பாசியும் கழிவும் குளோரினைத் தின்றுவிடும். முதலில் சோப்பால் தேய்த்து வழவழப்பைப் போக்கிவிட்டு, பிறகு ஒரு பங்கு பிளீச்சுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவைத்து, வாடை போகும்வரை அலசிக் காயவிட வேண்டும். இது தொட்டிக்கும் கல்லுக்கும், ஆமைமேல் படக் கூடாது. ஃபில்டர் பஞ்சில் கிருமி படலமாக ஒட்டியிருக்கும், அதையும் மறக்க வேண்டாம். கிருமியை ஒழிக்கிறேன் என்று ஆமைக்கு ஆன்டிபயாட்டிக் கொடுக்காதீர்கள். கொஞ்சநாள் வெளியேற்றம் நின்று, மருந்துக்கு மடங்காத கிருமியோடு திரும்பி வரும். ஆமைக்குச் சோதனை செய்து 'இல்லை' என்று வந்தாலும் அது அன்றைய தேதிக்கு மட்டும்.

வீட்டில் ஆமை இருந்து பிள்ளைக்குக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வந்தால், மருத்துவர் கேட்கும் வரை காத்திருக்காமல் ஆமை இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். தொட்ட ஆறு மணி நேரத்திலிருந்து ஆறு நாள் வரை எப்போது வேண்டுமானாலும் அறிகுறி தொடங்கலாம், அதனால் போன வாரம் உறவினர் வீட்டில் தொட்டதையும் சொல்ல வேண்டும். கைக்குழந்தைக்கு இரத்தத்திலும் மூளையுறையிலும் பரவக்கூடும், அங்கே ஒரு நாள் தாமதம்கூடப் பெரிது. அமெரிக்காவில் இருப்பவர்கள், அந்த ஆமையைச் சிறியதாக யார் விற்றார்களோ அவர்களுடைய ரசீது, இணைய விளம்பரத்தின் படம், பார்சல் உறை இவற்றை எடுத்து வைத்துக்கொண்டு மாநிலச் சுகாதாரத் துறைக்கும் எஃப்.டி.ஏ.வுக்கும் தெரிவிக்கலாம். பயத்தில் உடனே தொட்டியைக் கழுவி ஊற்றிவிடாதீர்கள். விசாரணைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது அந்தத் தண்ணீரைத்தான். அதிலுள்ள கிருமியின் மரபணுவும் பிள்ளையின் மாதிரியில் உள்ளதும் பொருந்தினால், அதே பண்ணையிலிருந்து மற்ற மாநிலங்களுக்குப் போன குஞ்சுகளையும் தேடிப் போக முடியும்.